முடவன் பாடம்

“போன பிறவியில் செய்த பாவத்தால் கடவுள் அவன் காலை முடக்கினார். ஆகையால் பிள்ளைகளே, அவனைப் போன்றவரை விட்டு விலகியிருங்கள்.”

சாரதா மூன்றாம் முறையாக ஒப்பித்தாள். சூம்பிய இடது காலைப் பாவாடையால் மூடிக்கொண்டு, மாதங்களின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். மீன் அரிந்துகொண்டிருந்த அம்மணியின் கை நின்றது.

“இன்னாடி இது?”

“புது புஸ்தகத்துல முடவன் கதைம்மா. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. என்னத்தான் எழுந்து சொல்லச் சொன்னாரு சார்.”

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகு பூரணாங்குப்பத்துக்கு அந்தப் புத்தகம் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதுவரை பக்கத்து வீட்டு உமையாள் தினமும் வந்து சாரதாவைக் கைபிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவாள். இப்போது வருவதில்லை. தொட்டால் பாவம் ஒட்டிக்கொள்ளுமாம்.

அம்மணி கையைக்கூடக் கழுவாமல் வாத்தியார் உலகநாதன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“எம்பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சி சார்? ரெண்டு வயசுல ஜுரம் வந்து கால் போச்சி. அவ்ளோதான?”

உலகநாதன் கெட்டவர் அல்ல. புத்தகத்தில் இருப்பதை அப்படியே நடத்திவிட்டு வீட்டுக்கு வருகிறவர், அவ்வளவுதான்.

“நானாம்மா எழுதினேன்? அச்சடிச்சி வந்தத நடத்துறேன். ஆனா ஒண்ணு. படகு கெளம்பறப்ப சகுனம் ஆவாதுன்னு உங்க வூட்லயே அவளப் பின்னால ஒளிச்சி வெக்கிறீங்களாமே? புள்ளைங்களே சொல்லுது, பாடத்துல இருக்கறது நெசந்தான் சார்னு.”

அம்மணிக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. ஏழு வருஷமாகத் தன் கையாலேயே மகளைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் உட்காரவைத்தவள் அவள்தானே! பாடத்தை எழுதினவன் எவனோ. ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை முதலில் நடத்திக் காட்டியது அவள்.

மறுநாள் விடியலில் அவள் கணவன் சிங்காரவேலு துடுப்பைத் தோளில் எடுத்தான். வாசலில் கூட்டாளிகள் இருவர் வலையோடு நின்றார்கள். அம்மணி இன்று மகளைத் தூக்கப் போகவில்லை. தூக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. துடுப்பு எடுக்கும் சத்தம் கேட்டதுமே சாரதா தானாக எழுந்து, சுவரைப் பிடித்தபடி பின்பக்கம் போய்விட்டிருந்தாள்.

சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

“அப்பா போயிட்டாராம்மா? நான் வரலாமா?”

சிங்காரவேலு இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை. அம்மணி அவனைப் பார்த்தாள், கூட்டாளிகளையும் பார்த்தாள்.

“இன்னும் போவலடி,” என்றாள். “முன்னால வா.”