கணக்கு வகுப்பில் ஒரு துஆ

காஜா பேராங் என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் நஜ்முன்னிசா ஆசிரியையாக இருந்தாள். அவள் வகுப்புப் பிள்ளை ஜமீலா முந்தின நாள்தான் குளிர்காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அன்றைக்குப் பிள்ளைகள் சிலேட்டைத் தொடவே இல்லை.

"டீச்சர், கபுருக் குழியில அவ தனியா பயப்படுவாளா?" என்று ஒருத்தி தேம்பினாள்.

நஜ்முன்னிசா அவளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். கணக்குப் புத்தகத்தை மூடினாள்.

"வாங்க, அவளுக்காக துஆ கேட்போம். இந்திரா, நீ உங்க சாமியக் கும்பிட்டுக்கம்மா."

எல்லாரும் கண்மூடியிருந்தபோது தலைமையாசிரியை உள்ளே வந்துவிட்டாள்.

"இது பள்ளிக்கூடம். அழுகையும் தொழுகையும் வீட்டோடு இருக்கட்டும். பாடத்தை நடத்து!" என்று ஆங்கிலத்தில் அதட்டினாள்.

நஜ்முன்னிசா கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். இரண்டு எண்களை எழுதியதும் கை ஓடவில்லை. இந்த வேலையை விட்டால் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் வாப்பாவுக்கு மருந்துகூடக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சாக்குக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"இன்றைக்கு என்னால் முடியாது, அம்மா."

"அப்படியானால் நாளைக்கும் வரவேண்டாம்."

நஜ்முன்னிசா வராந்தாவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனி எந்தப் பள்ளி அவளைச் சேர்க்கும்? உள்ளே தலைமையாசிரியை அதே கணக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிள்ளைகளில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.