குலசிங்கத்தாரின் குழாய் விரதம்

"நாளையிலயிருந்து நான் சாகும்வரை உண்ணாவிரதம்" என்று குலசிங்கத்தார் அறிவித்தபோது அவருடைய காலைச் சாப்பாடு வயிற்றுக் குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி யூஜினி பெரிய சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து தகர ரின்னில் மிஞ்சியிருந்த பாலை அதற்குள் சரித்தார்.

"முதல் இந்த ரின் முடியட்டும்" என்றார்.

குலசிங்கத்தார் ஒரு காலத்தில் கலியாண வீடுகளில் முதல் பந்தியிலும் இருந்து, ஆள் மாறியிருக்கும் என்ற துணிவில் மூன்றாம் பந்தியிலும் இருந்தவர். அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டையில் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர் நோயை எடுத்தார்கள். போகிற போக்கில் விழுங்குகிற வேலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குரல் மட்டும் கரகரவென்று மிஞ்சியது. இரண்டு வருடமாக அவர் வாயில் வார்த்தையைத் தவிர வேறொன்றும் போய்வரவில்லை. தொப்புளுக்கு மேலே ஒரு துளை, துளையில் ஒரு குழாய், குழாய்க்கு ரின்பால். பார்த்தால் சின்ன ரின்தான். அதற்குள் ஒரு முழுச் சாப்பாட்டின் சக்தியைக் காய்ச்சி அடைத்திருந்தார்கள்.

முதலில் வந்த ரின்களில் சக்தி இருந்தது, நார் இருக்கவில்லை. அதன் பலனாகக் குலசிங்கத்தார் கிழமைக்கு ஒரு தடவை வாஷ்ரூமுக்குள் குடிபுகுந்து, தேர்தலில் கட்டுக்காசு இழந்தவர் மாதிரி வெளியே வருவார். வீட்டுக்கு வந்து பார்க்கிற டயட்டீஷியன் ஸ்ரீதேவி சென்னைப் பிள்ளை. கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு ரின்னை மாற்றிக் கொடுத்தாள்.

"இது நார்ச்சத்து சேர்த்தது அங்கிள். கலோரியும் ஜாஸ்தி. இனிமே பாருங்க, அலாரம் வெச்ச மாதிரி தினமும் போகும்."

போனது. மத்தியான நித்திரை முறிந்து கண்ணைத் திறந்தால் நேரே வாஷ்ரூம். உலகத்தில் ஒழுங்காக நடக்கிற ஒரே காரியம் அதுதான் என்று குலசிங்கத்தார் கண்டவரிடமெல்லாம் சொன்னார். வேறு எதுவும் ஒழுங்காக நடக்காத வருஷம்தான் அது. யூஜினியின் அக்கா பேபி வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தார். பெப்ரவரிக்குப் பிறகு ஒரு தொலைபேசி இல்லை. ரிவியைத் திறந்தால் கடற்கரை மணலில் தறப்பாள் கூடாரங்கள், அதற்குமேல் புகை. ரொறன்ரோத் தமிழ்ச்சனம் வேலையை விட்டு, படிப்பை விட்டு ரோட்டுக்கு இறங்கியது. அமெரிக்கத் துணைத்தூதரக வாசலில் நின்றது. அதுவும் போதாதென்று ஒருநாள் ஹைவேயிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. குலசிங்கத்தாரால் பஸ் வரும்வரைகூட நிற்க ஏலாது. சோபாவில் கிடந்து ரிவி பார்த்தார். தன்னால் ஒருத்தருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற நினைப்பு அவரை அரித்தது. இரண்டு வருடமாக அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, "வலிக்குதா" என்பதைத் தவிர. அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் விரதம் பிறந்தது.

அப்பார்ட்மெண்டின் போராட்டக் கமிட்டித் தலைவர் பொன்னம்பலம் விஷயத்தைக் கேட்டுக் குழம்பிப்போனார். அவர் மூன்றாம் மாடி. கீழே பார்ட்டி ரூமில் சனத்தைச் சுழற்சி முறையில் அடையாள உண்ணாவிரதம் இருத்துகிற பொறுப்பு அவருடையது. காலையில் இருப்பவர்கள் மத்தியானம் போய்ச் சோறு தின்பார்கள், மத்தியானம் தின்றவர்கள் பின்னேரம் வந்து பட்டினி கிடப்பார்கள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. நீங்கள் ரெண்டு வருஷமா ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே. இனி என்ன புதுசா விரதம்?"

"வாயால போனாத்தான் சாப்பாடோ?"

"அதுக்கில்லை. உங்களுக்கு ஆரும் விட்டாச் சாப்பாடு, விடாட்டி விரதம். இதை எப்பிடிச் சனத்துக்கு விளங்கப்படுத்துறது?"

"உமக்கும் அதுதானே ஐசே. மனுசி போட்டாச் சாப்பாடு, போடாட்டிப் பட்டினி. உமக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியுமோ?"

பொன்னம்பலத்துக்கு முட்டை பொரிக்கத் தெரியாது. விரதம் அங்கீகரிக்கப்பட்டது.

குலசிங்கத்தார் யூஜினிக்குக் கட்டளைகள் பிறப்பித்தார். குழாயில் தண்ணீரும் மருந்தும் மட்டும்தான் போக வேண்டும். வீட்டில் சமைக்கவும் கூடாது. சாப்பிட முடியாதவனுக்கு மிஞ்சியிருப்பது மணம்தான். வெங்காயம் வதங்குகிற மணம் வந்தால் தன் உறுதி குலையும் என்றார். யூஜினி எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். இவ்வளவு கால மணவாழ்க்கையில் எதற்கும் முதல் தடவையில் ஓம் சொல்லாத பெண் அவர். குலசிங்கத்தார் அதைக் கவனிக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பிறவி.

விரதம் அமோகமாக நடந்தது. காலையிலும் பின்னேரமும் பார்ட்டி ரூமில் கதிரை போட்டு அவரை இருத்தினார்கள். தலைக்குமேல் 'குழாய்வழி உணவு மறுப்புப் போராட்டம்' என்று பதாகை. மில்லிக்கன் பக்கமிருந்தெல்லாம் சனம் கார் எடுத்து வந்து பார்த்தது. தமிழ் வானொலி அவருடைய கரகரப்பை நேரடியாக ஒலிபரப்பியது. சிலர் குழாயைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். அவர் சேர்ட்டைத் தூக்கிக் காட்டினார். மத்தியானத்தில் மட்டும் மேலே வந்து, யூஜினி குழாயில் விடுகிற நோவு மருந்தோடு அடித்துப் போட்ட மாதிரி உறங்குவார்.

அதிசயம் என்னவென்றால் அவருக்குப் பசிக்கவே இல்லை. முதல் நாள் நித்திரையால் எழும்பியபோது ஒரு ஏவறைகூட வந்தது, விருந்துண்ட ஏப்பம். "வைராக்கியம் வயித்தை நிரப்புது" என்று பொன்னம்பலத்திடம் சொன்னார். பொன்னம்பலம் அதை அப்படியே ஒலிவாங்கியில் சொன்னார். நாட்கள் போகப்போக அவர் முகத்தில் ஒரு தேஜஸ் தெரிவதாகப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். கூட இருந்த மற்ற விரதகாரர்கள் அரை நாளிலேயே கத்தரிக்காயாய் வாடினார்கள். அவர்களைக் குலசிங்கத்தார் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கவும் தொடங்கினார்.

வாஷ்ரூமும் வழமைபோல் நடந்தது. முதல் நாள் அதை அவர் பழைய இருப்பு என்று கணக்குப் பண்ணினார். மறுநாள், அடியில் கிடந்த மிச்சம் சொச்சம் என்று சமாதானம் சொன்னார். அதற்கடுத்த நாள் யோசிக்கவே விரும்பவில்லை. திங்கட்கிழமை, விக்டோரியா தின விடுமுறை, மத்தியான நித்திரை முறிந்து வாஷ்ரூமில் போய் இருந்தார். வந்தது. தாராளமாக, தங்குதடையில்லாமல், ஸ்ரீதேவி சொன்ன அதே அலாரக் கணக்கில் வந்தது.

குலசிங்கத்தார் எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து யோசித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். நார்ச்சத்தை மறைக்க இந்த உலகத்தில் இடமில்லை.

வெளியே வந்தவர் நேரே குசினிக்குப் போய், சிங்க்குக்குக் கீழே இருந்த குப்பை வாளியை இழுத்தார். பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் பை. பிரித்தால் வெறும் ரின்கள். கழுவி, நசுக்கி, அடக்கம் செய்யப்பட்டிருந்தன.

"யூஜினி!"

யூஜினி வாசலில் வந்து நின்றார். ரின்னைப் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"நித்திரையில விட்டனீரோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"மத்தியானம் ரெண்டு ரின். நீங்கள் குறட்டை விடத் துடங்கினாப் பிறகு, மெதுவா."

"ஊர் உலகமெல்லாம் எனக்குக் கைதட்டுது! ரேடியோவில கதைச்சிருக்கிறன்! என்னை நீர் கள்ளனாக்கிப் போட்டீர். நாளைக்கு இது வெளியில வந்தா நான் எந்த மூஞ்சியோட லிஃப்டில ஏறுறது?"

"அப்ப படியால ஏறுங்கோ."

"பகிடி விடாதையும்! உம்மட அக்காவுக்காகத்தானே இருந்தனான்!"

அந்தச் சொல்லோடு யூஜினியின் முகம் மாறியது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காவுக்கு ஒரு வாய் குடுக்க எனக்கு வழியில்லை" என்றார். "செஞ்சிலுவைக்குப் போன் அடிச்சன், சேர்ச்சில சொன்னன், ஆர் ஆரையெல்லாமோ கேட்டன். ஒண்டும் ஏலாது. உங்களுக்கு விட ஏலும். ரின் இருக்கு, குழாய் இருக்கு, வயிறு இஞ்ச கிடக்கு. ஏலுமான இடத்திலயும் ஒராளைப் பட்டினி போட்டுட்டு என்னால பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நீங்கள் கோவியுங்கோ. காரியமில்லை."

குலசிங்கத்தாரிடம் சுடச்சுட இன்னும் நாலைந்து வசனங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தேடிக்கொண்டே குப்பைப் பையை வாளிக்குள் திரும்பத் திணித்தவர், பாதியில் நின்றார். வாளிக்குள் அவருடைய ரின்கள் மட்டும்தான் இருந்தன. ஒரு வெங்காயத் தோல் இல்லை. ஒரு முட்டைக் கோது இல்லை. கடைப்பார்சல் பெட்டி இல்லை. பாண்ரொட்டி சுற்றிவந்த பைகூட இல்லை. நிமிர்ந்து அடுப்பைப் பார்த்தார், துடைத்துக் காய்ந்து கிடந்தது. அப்போதுதான் யூஜினி கதவு நிலையை ஏன் பிடித்திருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது.

"நீர் எப்ப சாப்பிட்டனீர்?"

"சமைக்க வேண்டாமெண்டனீங்கள்."

"எட, நான் கீழ இருக்கிற நேரம் சமைச்சுச் சாப்பிடுவீரெண்டெல்லோ நினைச்சனான்! எப்ப சாப்பிட்டனீர்?"

"தண்ணி குடிக்கிறனான்" என்றார் யூஜினி. "இறங்கேல்லையப்பா. எடுத்து வாயில வைச்சா அக்காவின்ர நினைவு வருது. நான் விரதமெண்டு இருக்கேல்லை. இறங்கேல்லை, அவ்வளவுதான்."

கைதட்டு வாங்கியது குலசிங்கத்தார், பட்டினி கிடந்தது யூஜினி; ஒரே வீட்டுக்குள், ஒரே கட்டிலில், அவருக்குத் தெரியாமல். தன்னைப்போல ஒரு மடையன் ரொறன்ரோவில் வேறு இருக்க மாட்டான் என்று நினைத்தார். அது சரியான நினைப்புத்தான்.

கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. பொன்னம்பலம் நின்றார். கண் சிவந்து, சேர்ட் கசங்கி, கையில் ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீர், எலுமிச்சம்பழம் பிழிந்தது. பின்னால் கமெராவோடு ஒருவர்.

"முடிஞ்சுதாம் அண்ணை" என்றார் பொன்னம்பலம். "எல்லாம் முடிஞ்சுதாம். ரிவியில சொல்லிப்போட்டாங்கள். கீழ சனம் குழறி அழுகுது. என்ன செய்யிறதெண்டு எனக்கு விளங்கேல்லை. உங்கட விரதத்தையாவது ஒழுங்கா முடிச்சு வைப்பமெண்டு வந்தனான்."

யூஜினி மெல்ல நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பின்பக்கப் பூங்காவில் விடுமுறைக் கொண்டாட்டக்காரர் யாரோ பொழுது சாய முன்னமே ஒரு வாணத்தை விட்டார்கள். அறையில் இருந்த நால்வருக்கும் உடம்பு ஒருதரம் தூக்கிப்போட்டது.

பொன்னம்பலம் கிளாஸை நீட்டினார். நீட்டிய பிறகுதான் இதை எங்கே கொடுப்பது என்ற யோசனை அவருக்கு வந்தது. வாயைப் பார்த்தார், சேர்ட்டைப் பார்த்தார். கமெராக்காரரும் இரண்டு இடத்துக்கும் கமெராவைத் திருப்பித் திருப்பி ஆயத்தமானார்.

சும்மா சிரிஞ்சை எடுத்து அந்தத் தண்ணீரை உள்ளே விட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். படம் பேப்பரில் வந்திருக்கும். குலசிங்கத்தாருக்கு அது நன்றாகத் தெரிந்தது. தன் ஆயுளில் இனி ஒருவரும் தனக்குக் கைதட்டப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

"நான் விரதம் இருக்கேல்லை, தம்பி" என்றார்.

"என்ன அண்ணை சொல்றியள்?"

"ஒவ்வொரு நாளும் ரெண்டு ரின் போயிருக்கு. எனக்குத் தெரியாமல். வாஷ்ரூமுக்குப் போய்த்தான் கண்டுபிடிச்சனான், விவரம் வேணுமெண்டாச் சொல்லுறன். விரதம் இருந்தது உவ, யூஜினி. அதுவும் ஒருத்தருக்கும் சொல்லாமல்." கமெராக்காரரைப் பார்த்தார். "படம் ஒண்டும் வேண்டாம். நீர் போய்க் கீழ சொல்லுறதெண்டா சொல்லும், பொன்னம்பலம். கேக்கிறவை என்னைப் பாத்துச் சிரிச்சாச் சிரிக்கட்டும்."

பொன்னம்பலம் கிளாஸை மேசையில் வைத்தார். யூஜினியைப் பார்த்து, "அக்கா" என்றார். கமெராக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

குலசிங்கத்தார் தேசிக்காய்த் தண்ணீரை எடுத்து மணந்தார், திரும்ப வைத்தார். "வெறு வயித்துக்கு இது எரிக்கும்" என்றார். அலுமாரியைத் திறந்து தன்னுடைய ரின் ஒன்றை உடைத்து, ஒரு தம்ளரில் ஊற்றினார். முழங்காலைப் பிடித்துப் பிடித்து யூஜினிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அப்படி இருந்தால் எழும்புவது எப்படி என்பதை அவர் யோசிக்கவில்லை.

"குடியும்."

யூஜினி ஒரு மிடறு குடித்தார். குலசிங்கத்தார் அவர் முகத்தையே பார்த்தார். இரண்டு வருடம், எத்தனையோ பெட்டி ரின் அவருடைய வயிற்றுக்குள் போயிருக்கிறது. அது என்ன ருசி என்று அவருக்குத் தெரியாது.

"எப்பிடி இருக்கு?"

யூஜினி விழுங்கிவிட்டு, "வாயில வைக்கேலாது" என்றார்.

"அதுதான் எனக்கு வயித்தில வைச்சவங்கள்."

யூஜினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவர் நடுவில் உடைந்து அழத் தொடங்கினார். தம்ளர் கையில் ஆடி, பால் சேலையில் சிந்தியது.

"அக்காவுக்கு இது ஒரு ரின் கிடைச்சிருந்தா..." என்றார். "ஒண்டு போதும். ஒரு நாளைக்குத் தாங்கியிருப்பா."

குலசிங்கத்தார் தம்ளரைத் தன் கையில் வாங்கி, மற்றக் கையால் யூஜினியின் தலையைத் தாங்கி, அதை அவர் உதட்டில் வைத்தார்.

"மெதுவாக் குடியும்" என்றார். "நான் பிடிக்கிறன்."