உப்பில்லாத் தண்ணீர்

கண்ணாடித் துண்டின் மேல் இரண்டு தங்கச் சீப்புகள். பல்லுக்கு இடையில் பல்லாக, ஒன்றையொன்று தொடாமல். வெளியே ஆடிச் சாரல். நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் பற்கள் மின்னுகின்றன. தலைமுடியை விட மெல்லியவை.

அந்தச் சீப்பை வரைந்தவர் என் நங்கை. அண்ணன் மனைவியைக் கோயமுத்தூர்ப் பக்கம் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தமயந்தி நங்கை மின்சாரம் படித்தவர். நான் உயிரணு படித்தவள். ஒரே கல்லூரி, ஒரே ஆய்வகம், ஓயாத சண்டை.

சீப்புகளுக்கு நடுவே மின்சாரம் திசை மாறி மாறித் துடிக்கும். இரத்தத்திலிருந்து கழுவி எடுத்த அணுக்களை மேலே ஒரு சொட்டு விடுவோம். நல்ல அணுக்கள் பற்களை விட்டு விலகிப் போகும். புற்று அணுக்கள் விளிம்பில் வந்து ஒட்டும். சாயம் வேண்டாம். தொடவும் வேண்டாம். யார் யார் என்று அவையே சொல்லிவிடும்.

முதலில் என் இரத்தத்தில், ஆய்வகத்தில் வளர்த்த புற்று அணுக்களைக் கலந்து பார்த்தோம். வந்தன. வரிசையாக வந்து ஒட்டின. அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அணுக்களைக் கழுவும் தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. இருந்தால் எந்த அணுவும் விளிம்புக்கு வராது. அதனால் சர்க்கரைத் தண்ணீர்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேங்க நங்கை" என்று கேலி செய்வேன்.

"அதையெல்லாம் சமையக்கட்டுல வச்சுக்க கண்ணு" என்பார்.

போன வருடம் நங்கையின் மார்பில் புற்று வந்தது. அறுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, மறுபடி முளைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றார் மருத்துவர். ஸ்கேனும் அதையே சொன்னது.

நங்கைக்குத்தான் மனம் ஆறவில்லை. ஒரு நாள் காலையில் என் முன்னால் கையை நீட்டினார்.

"எடு கண்ணு. நாம செஞ்சதே நமக்குச் சொல்லட்டும்."

எடுத்தேன். கழுவினேன். சொட்டு விட்டேன். மின்சாரம் கொடுத்தேன்.

விளிம்பில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. நங்கையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவர் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மேசையில் திறந்திருந்த சீசாவைப் பார்த்தார்.

"எதுல கழுவுன?"

உப்புத் தண்ணீர். உயிரணுப் படிப்பில் எதையும் அதில்தான் கழுவுவோம்; எத்தனை வருடப் பழக்கம்! உயிரணுக்காரிக்கு அணுவைக் கண்டால் கை அந்தச் சீசாவுக்குத்தான் போகும். அப்படியானால் நாங்கள் பார்த்த வெறுமை வெறும் பொய்.

"தெரியாமப் பண்ணிட்டேனுங்க நங்கை."

"அட, விடு. இன்னொருக்கா எடு." மறு கையை நீட்டினார்.

இம்முறை சர்க்கரைத் தண்ணீர். சீசாவின் மேல் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் ஊற்றினேன். சாரல் மழையாகியிருந்தது.

காத்திருந்தோம். வெறும் விளிம்பு. வெறும் விளிம்பு.

பிறகு ஒன்று வந்தது. தயங்கித் தயங்கி வந்து பல்லில் ஒட்டியது. அதன் பின்னால் இன்னொன்று.

நங்கை நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"ஸ்கேன்ல சிக்காததப் புடிச்சிருக்குது பாரு, நம்ம சீப்பு!"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதையும் மீறிப் பெருமை பொங்கியது. அவரைப் பார்த்துத்தான்.

நங்கை செல்போனை எடுத்து மருத்துவரை அழைத்தார். குரல் பிசிறவே இல்லை.

"டாக்டருங்களா? தமயந்தி பேசறனுங்க. இந்தத் தடவ உங்க ஸ்கேன நான் முந்திக்கிட்டனுங்க."