நண்டுக் கொட்டகையில் சாக்பீஸ் கோடுகள்

பழவேற்காடு ஏரி ஒரு வியாழக்கிழமை காலை எழுந்து வந்து, தோணிரேவு கிராமத்தில் ஜெயம்மாவின் நண்டுக் கொட்டகை வாசலில் நின்றது. வேறு எந்த வாசலுக்கும் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சரோஜா முற்றத்தில் காயப்போட்டிருந்த நெத்திலிகூட நனையவில்லை. அன்றைக்கும் கடையில் டீ பழைய விலைக்கே விற்றது.

ஏரி வந்ததற்குக் காரணம் உண்டு. ஜெயம்மா படகுகளிலிருந்து உயிர் நண்டு வாங்கி, கால்களை நூலால் கட்டி, சென்னைக்கு வண்டியேற்றுகிறவள். அந்த வருஷம் ஏரி தூர்ந்துபோய்ப் படகுகள் தூரத்துச் சேற்றிலேயே தட்டி நின்றுவிட்டன. அங்கிருந்து பெண்கள் முட்டியளவு சகதியில் கூடை சுமந்து வருவதற்குள் பாதி நண்டு வெயிலில் செத்துப்போனது. செத்த நண்டைச் சென்னை வண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இப்படியே போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டு மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று ஜெயம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், அவளிடம் நண்டு கட்டும் பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. கைக்குழந்தைக்காரி ஜமுனாவை எந்தக் கம்பெனி எடுக்கும்?

அப்போதுதான் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கு யோசனை சொல்லும் திட்டம் ஒன்றில் ஜெகதீஸ்வரன் வந்தார். தொழிற்சாலையிலேயே தலை நரைத்தவர். நல்ல மனிதர், கொடுத்த டீயைக் குறைசொல்லாமல் குடித்தார். நாள் முழுக்க ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். சிமெண்டுத் தரையில் தராசுக்கு ஒரு கட்டம், ஐஸ் பெட்டிக்கு ஒரு கட்டம், ஒவ்வொருத்தியும் உட்கார ஒரு வட்டம் என்று வரைந்து தள்ளினார்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் வேணும்மா. எடுத்தது திரும்ப அங்கயே வந்துடணும்" என்றார்.

"அல்லாம் சரி சார். ஏரி அங்க கீதே, அத்த இன்னா பண்றது?" என்றாள் ஜெயம்மா.

அவர் சிரித்தபடி வாசலில் நீளமாக ஒரு கோடு கிழித்து, "இதுதான் ஏரியோட இடம்" என்றார்.

மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை. படகுகள் வாசலிலேயே நண்டைக் கொட்டின. தராசைத் தெருவில் வைத்துவிட்டு வந்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் அது தன் கட்டத்தில் இருந்தது. சரோஜா இரவல் வாங்கிப்போன கத்தரிக்கோல் அவள் கையை உதறிக்கொண்டு திரும்பி வந்ததில் இரண்டு வீட்டுக்கும் கொஞ்ச நாள் பேச்சில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு நண்டும் சாகவில்லை. ஜெயம்மா கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டாள்.

ஆனால் வட்டங்களும் வேலை செய்தன. முதலில் பெண்களுக்கு எழுந்துபோகக் கால் வரவில்லை. பிறகு, போனவர்களும் திரும்பி வந்தார்கள். ஜமுனா வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். கண்ணிமைக்கும் நேரத்தில் கொட்டகையில் தன் வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் முத்துராஜ் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். அப்படி ஓடி ஓடி அவன் மெலிந்தான். குழந்தையும் மெலிந்தது.

ஜெயம்மா அந்த ஒரு வட்டத்தை மட்டும் காலால் தேய்த்துப் பார்த்தாள். அழியவில்லை. ஜெகதீஸ்வரனுக்கு போன் போட்டாள். அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "எல்லாம் ஒரே வரைபடம்மா. அழிச்சா மொத்தமா அழிக்கணும். ஏரியும் போயிடும், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வாள்? போனை வைத்துவிட்டு அவள் ஏரியைப் பார்த்தாள். அது கோட்டில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. உள்ளே ஜமுனாவின் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"போனா போவுது, சனியன்" என்று ஜெயம்மா வாளியைத் தூக்கினாள். "நீ எழுந்து வூட்டுக்குப் போடி."

தரை முழுக்கக் கழுவிவிட்டாள். ஏரி சத்தமில்லாமல் பின்வாங்கிப் பழைய இடத்துக்கே போனது. ஜெயம்மா வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் தேற்றப் போகவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

விடிந்ததும் ஜமுனா குழந்தையோடு முதல் ஆளாக வந்து சாக்பீஸ் கேட்டாள். குனிந்து தன் வட்டத்தைத் தானே போட்டாள். ஆனால் முழுசாக மூடவில்லை.

"வூட்டுப் பக்கம் வழி உட்டுக்கிறேங்கா" என்றாள்.

மற்ற பெண்களும் அவரவர் வீட்டுப் பக்கம் வழி விட்டு வரைந்தார்கள். கடைசியாக ஜெயம்மா வாசலில் கோடு கிழித்தாள். கை தானாகவே நடுவில் கொஞ்சம் இடம் விட்டது.

இப்போது பெண்கள் வேலைக்கு வரும் நேரத்துக்கு ஏரியும் வருகிறது. பொழுது சாயும்போது ஜமுனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள், ஏரியும் கிளம்பிவிடுகிறது. முன்பு போல அவ்வளவு நண்டு கட்ட முடிவதில்லைதான், ஆனால் கொட்டகை நடக்கிறது. போன மாதம் ஜமுனாவின் குழந்தைக்குக் காய்ச்சல். அவள் வரவில்லை. அன்று ஏரியும் வரவில்லை. ஜெயம்மா இரண்டு பேருக்கும் லீவு என்று சொல்லிவிட்டாள்.