முத்துராஜின் கைக்குள் மூன்று முடிகள்

அந்தமானின் பம்பூபிளாட்டில் தன் வீட்டுக் கொல்லையில் முத்துராஜ் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தபோது, இறுக மூடியிருந்த அவன் வலது கைக்குள் மூன்று முடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓரடி நீளம்.

முடிகள் போர்ட் பிளேரில் சௌமியாவின் மேஜைக்கு வந்தன. தடய ஆய்வகத்தில் அவளுக்கு அது ஆறாவது வருடம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். நீளம், நுனியின் தேய்மானம், நிறம் எல்லாமே முத்துராஜின் மனைவி ஜெயராணியின் முடியோடு ஒத்துப்போயின. 'பெண்ணின் முடியாக இருக்கக்கூடும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். புருஷன் பெண்டாட்டி சண்டை ஊரறிந்தது. ஜெயராணி சிறைக்குப் போனாள்.

முடி வேரில் ஒட்டியிருந்த சதையை டிஎன்ஏ சோதனைக்கு வைக்க வேண்டிய ரசாயனம் மெயின்லேண்டிலிருந்து வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அது வெறும் உறுதிப்படுத்தல்தான் என்றே சௌமியா நினைத்திருந்தாள்.

திரையில் எக்ஸ் குரோமோசோம் தெரிந்தது. பக்கத்திலேயே ஒய்யும் தெரிந்தது.

குழாய் மாறிப்போயிருக்கும் என்று முதலிலிருந்து மறுபடி செய்தாள். மூன்றாவது முடியிலும் ஒய். ஆணின் முடி. முத்துராஜுடையது அல்ல, ஆனால் அந்த ஒய் அவனுடையதோடு அச்சாக ஒத்திருந்தது. ஒரே தகப்பன் வழி. ஓரடி முடி வளர்த்த ஆண் அந்த வீட்டில் யார்?

சப் இன்ஸ்பெக்டர் பக்தவத்சலத்துக்குப் போன் செய்து சொன்னாள்.

"மேடம், அவன் தம்பி முருகானந்தம்," என்றார் அவர். "பழனிக்கு நேந்துக்கிட்டு மூணு வருஷமா முடி வளத்தான். அண்ணன் காரியத்துல மொட்டை போட்டுட்டான். நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

முருகானந்தத்தின் ரத்தம் முடியோடு பொருந்தியது. வீட்டுப் பாகத்துக்காக வந்த கைகலப்பு என்று இரண்டாம் நாளே ஒப்புக்கொண்டான். அண்ணிமேல் முதலில் புகார் கொடுத்தவனும் அவன்தான்.

முந்தைய அறிக்கை தவறு என்று சௌமியா கோர்ட்டில் எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி, அப்படி அப்பட்டமாக எழுத வேண்டியதில்லை, 'கூடுதல் அறிக்கை' என்றால் போதும் என்றார். அவள் மாற்றவில்லை.

ஜெயராணி விடுதலையான அன்று சௌமியா சிறை வாசலுக்குப் போனாள். அந்த முதல் அறிக்கை தான் எழுதியது என்று மட்டும் சொன்னாள்.

ஜெயராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாம்பிள் வேணும்னு என் தலையில இருபது முடி புடுங்குனாங்களே," என்றாள். "அது நீங்கதானா?"

சௌமியா தலையசைத்தாள். ஜெயராணி துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பம்பூபிளாட் படகைப் பிடிக்க சாத்தம் படகுத்துறைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.