சத்தார் பாய் வீடு எந்தப் பக்கம்?

1

கிட்ட வாங்க கண்ணுங்களா. வாசலில் நிற்பவர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வாங்க. ஜன்னலோரம் சாய்ந்திருப்பவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்க. நல்ல கதை ஒன்று சொல்லப்போகிறேன். சிரிப்பு வரும், அதற்கு நான் ஜாமீன். முடிவு வருமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இது எங்கிருந்து வந்த கதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு உறுத்தக்கூடாது. எண்பத்து நாலாம் வருஷம், ஏப்ரல் கடைசி. ஆம்பூரில் எங்கள் தெரு வழியாகச் சாயங்காலம் ஓர் ஊர்வலம் போனது. முன்னால் பேண்டு வாத்தியம், நடுவில் ரோஜா மாலை போட்ட ஒரு பெரியவர், பின்னால் வாத்தியார்களும் டீச்சர்களும். கொஞ்ச நேரம் கழித்து அதே ஊர்வலம் மறுபடியும் போனது.

"மாப்ளைக்கு வயசு ஜாஸ்தி. பொண்ணு வூட்ல கதவைச் சாத்திக்கினாங்க போல," என்றாள் பக்கத்து வீட்டு ஜெயபுஷ்பம்.

மூன்றாவது தடவை வந்தபோது அந்தப் பெரியவர் வரிசையை விட்டு விலகி வந்து என்னிடம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் கோணிற்று. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்கி இறங்கி, குழம்பு வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை.

"எங்க வூட்டுத் தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது. ஆம்பூரில் கல்கண்டுத் தண்ணீர் ஊறும் கிணறு ஏது? கிணறு இல்லையென்றால் வீடும் இல்லாமல் இருக்கலாமே! அந்த இடத்தில்தான் கதையின் வாலைப் பிடித்தேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "பாலாற்று மணலின் மேல் அந்தி பொன்னிறமாக விரிந்த வேளையில், சத்தார் என்னும் அந்த—"

விட்டுவிட்டேன். அந்தி வேளையில் எங்கள் பாலாற்றங்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பொன்னிறத்தையெல்லாம் ரசிக்க முடியாது.

அப்புறம் இப்படி: "பள்ளிகளில் நெடுங்காலம் உழைத்த கடைநிலைப் பணியாளர்களுக்கான ஓய்வு ஊக்கத்தொகை குறித்து நம் சமூகம் ஆழ்ந்து—"

இதை எழுதும்போதே நான் தூங்கிவிட்டேன். தலையணை உறையெல்லாம் மை.

2 (மறுபடியும்)

சத்தார் பாய் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துப் பியூன். மணி அடிப்பார், தபால் கொண்டுபோவார், பிரம்பை ஒளித்துவைத்துவிட்டு வாத்தியார்களோடு சேர்ந்து தேடுவார். அந்தப் பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டகையாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மாடி எழும்பியது, சுற்றுச்சுவர் எழும்பியது, சம்பளம் மட்டும் எழும்பவில்லை.

ஆனால் சம்பளம் ஏறாத வருஷமெல்லாம் அவர் வீட்டில் ஓர் அறை ஏறியது. எல்லாம் பேச்சில்தான். ரயில்வே லைனுக்கு அந்தாண்ட ஒரு வீடு இருப்பதாக ஆசிரியர் அறையில் டீ கொடுக்கும்போது ஒருநாள் சொன்னார். மறு வருஷம் அதற்குச் சிவப்புத் தரை போட்டார். பிறகு ஒரு மாடி. பிறகு கல்கண்டுத் தண்ணீர்க் கிணறு. அவ்வளவு பெரிய வீட்டில் ஆளில்லாமல் இருந்தால் நன்றாயிருக்காதே என்று விதவைத் தங்கை ஒருத்தியையும் குடிவைத்தார்.

நிஜத்தில் அவர் படுத்துக்கொண்டது அறிவியல் ஆய்வகத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில். அறைத்தோழர் பள்ளிக்கூடத்து எலும்புக்கூடு. தினமும் சாயங்காலம் குடையும் தூக்குமாக எல்லாரும் பார்க்க முன்வாசல் வழியாக "வூட்டுக்குப்" போவார். ஸ்டேஷன் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, யாரும் பார்க்காமல் பின்பக்கத்து இடிந்த சுவரேறித் திரும்பி வருவார். இது எலும்புக்கூட்டுக்குத் தெரியும், வகுப்பறை பெருக்கும் சுகரா பேகத்துக்குத் தெரியும். இரண்டு பேருமே வெளியில் மூச்சுவிடவில்லை.

(சுகரா பேகம் கதைக்குத் தேவையா என்று ரொம்ப யோசித்தேன். ஒரு தடவை பேனாவால் அடித்தும் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் துடைப்பத்தோடு வந்து நிற்கிறாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

பள்ளிக்கூடத்துத் தாளாளர் முக்தார் அகமது, தோல் ஷாப் முதலாளி. நல்ல மனுஷர். மெட்ராஸ் போனவர் ஒரு மின்சார மணி வாங்கிவந்தார். பட்டனை அழுத்தினால் வாணியம்பாடிக்கே கேட்கும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ரொம்ப வருஷம் வேலை பார்த்த பியூன், காவல்காரர், தோட்டக்காரர் எல்லாம் தாங்களாக விரும்பி ஓய்வு வாங்கிக்கொண்டால், மொத்தமாக ஓர் ஊக்கத்தொகை.

(வேலை செய்யத்தானே ஊக்கம் கொடுப்பார்கள், வேலையை விடுவதற்கா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை.)

"ஒங்களுக்கு இன்னா பாய் கவலை?" என்றார் ஹெட்மாஸ்டர் ஜெபராஜ். "சொந்த வூடு. கல்கண்டுத் தண்ணி. நிம்மதியா மாடியில காத்து வாங்கலாம்."

"ஆமா பாய், எங்களை மாதிரியா? வாடகை கட்டி வாழற ஜனங்க நாங்க," என்றாள் பொன்மலர் டீச்சர்.

சத்தார் பாய் என்ன சொல்வார்? இத்தனை வருஷமாகக் கட்டிய மாடியை ஒரே வார்த்தையில் இடிக்க யாருக்கு மனசு வரும்? சிரித்தார். சம்மதித்தார். உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டார். அந்தப் பணம் வந்தால் முன்பணம் கொடுத்துக் கிருஷ்ணாபுரம் பக்கம் ஒரு வாடகை அறை பிடிக்கலாம். எலும்புக்கூட்டிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அப்போது முக்தார் சாப் ஒரு நிபந்தனை போட்டார்.

போன வருஷம் தோட்டக்காரர் ஒருவருக்கு மேடையிலேயே பணக் கவரைக் கொடுத்தார்கள். அவர் மேடையிலிருந்து இறங்கினார், பஸ் ஏறி அரக்கோணம் போனார், அங்கே எந்த ரயில் முதலில் வந்ததோ அதில் ஏறிவிட்டார். மறுநாள் அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே அந்தப் பேஜாரே வேணாம்," என்றார் சாப். "மாலை போட்டு, பேண்டு வச்சு, வூடு வரைக்கும் கொண்டுபோய் வுடுவோம். வூட்டு வாசல்ல, வூட்டு ஆளுங்க முன்னாடி வச்சுத்தான் கவரு."

ஆக, கவர் கிடைத்தால்தான் வீடு. வீடு இருந்தால்தான் கவர். இதுதான் கதையின் முடிச்சு. இதைப் போட்டபோது எனக்கு ஒரே பெருமை. அவிழ்க்க வேண்டியதும் நான்தான் என்று அப்போது தோன்றவில்லை.

4

கிளம்புவதற்கு முன்னால் சுகரா பேகம் மணிக்கூண்டுப் பக்கம் வந்து மாலையைச் சரிசெய்வது போல நின்றாள்.

"இன்னா பாய், ஊர்கோலம் எங்க போவுது? எலும்புக்கூடு வாசலுக்கா?"

"சும்மா இரு சுகராம்மா. நடந்துக்கினே இருந்தா எதனா ஒரு வழி பொறக்கும்."

"வழி பொறக்கும். வூடு பொறக்குமா?"

ஊர்வலம் கிளம்பியது. பேண்டுக்காரர்களுக்குக் கல்யாணப் பாட்டு மட்டுந்தான் தெரியும் என்பதால் தெருவெல்லாம் மாப்பிள்ளை பார்க்கக் கூடியது. பொன்மலர் டீச்சர் பரிசுப் பொருளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சுவர்க் கடிகாரம். மாட்டுவதற்குச் சுவர் இல்லாதவருக்கு. முக்தார் சாப் அன்பளிப்பாகக் கொடுத்த புது ஷூவில் ஹெட்மாஸ்டர் நொண்டினார்.*

* ஹெட்மாஸ்டருக்கு முதலில் மூட்டுவலிதான் கொடுத்திருந்தேன். ஊரெல்லாம் ஷூ தைக்கும் ஆம்பூரில் இருந்துகொண்டு என்ன மூட்டுவலி என்று அதை அடித்துவிட்டு, ஓர் அளவு சின்ன ஷூ கொடுத்தேன். முதலாளி கொடுத்த ஷூ, பிடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

சத்தார் பாய் ஒவ்வொரு முக்கிலும் நின்றார், ஆகாசத்தைப் பார்த்தார், கையை நீட்டினார். "இந்தாண்ட." அடுத்த முக்கில், "அந்தாண்ட."

பிரியாணிக் கடை ஒன்றின் முன்னால் பேண்டு தானாகவே மெதுவானது.

"பாய், இந்தக் கடையத் தாண்டி முன்னாடியே போனோமே?" என்றாள் பொன்மலர் டீச்சர்.

"அது வேற கடை டீச்சர். இது அதோட அண்ணன் கடை."

"ரெண்டுத்துக்கும் கல்லாவுல அதே ஆளு உக்காந்திருக்காரே?"

"அவன்தான் அண்ணன்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். சத்தார் பாய் மட்டும் மனசுக்குள் வேண்டிக்கொண்டார்: யா அல்லா, கூட்ஸ் வண்டியா வரட்டும், நீளமா வரட்டும். கூட்ஸ்தான் வந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கடக்கக் கடக்க அவர் மிச்சப் பெட்டிகளை எண்ணினார். இதற்கு அந்தாண்டதான் வீடு என்று அவரே எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட் திறக்கும், திறந்தால் அங்கே முள்ளுச்செடியும் கழுதையும்தான் இருக்கும். அதற்கப்புறம் கவர் இல்லை, அறை இல்லை. மணி அடிக்கும் வேலையும் போயாயிற்று, இன்று ராத்திரி தலை சாய்க்க எலும்புக்கூடு பக்கத்திலும் இடமில்லை.

கடைசிப் பெட்டி போனது. "தப்பு, தப்பு! இப்படி இல்ல, சுத்திப் போவணும், அந்தாண்ட ரோடு வெட்டிப் போட்டிருக்கான்!" என்று கத்திக்கொண்டு அவர் வந்த வழியே திரும்பினார். ஊர்வலம் அவரோடு திரும்பியது.

அப்போதுதான் மூன்றாவது தடவையாக எங்கள் தெருவுக்கு வந்தார், என்னிடம் தண்ணீர் கேட்டார். என் கதவு திறந்துதான் இருந்தது. அவர் கேட்டது தண்ணீர் மட்டும். நானும் அன்றைக்கு வெறும் தண்ணீர் கொடுத்தவள்தான், இந்தக் கதை என் தலையில் ஏறியிருக்கவில்லை.

5

இப்போது ஊர்வலம் நடுத்தெருவில் நிற்கிறது, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். சில முடிவுகளைத் தைத்துப் பார்த்தேன்.

வேலூர்ப் பக்கத்து அமிர்திக் காட்டிலிருந்து ஒரு கரடி வருகிறது, ஊர்வலம் சிதறுகிறது, கவர் பாயின் காலடியில் விழுகிறது. (அமிர்தியிலிருந்து ஆம்பூருக்குக் கரடி எந்த பஸ்ஸில் வரும்? வேண்டாம்.)

சத்தார் பாய் உண்மையைச் சொல்கிறார், சாப் கட்டிப்பிடித்து அழுகிறார், பேண்டுக்காரரும் அழுகிறார். எனக்குப் பிடித்திருந்தது. பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் வாங்கிக்கோ, என் கெணத்தை வுட்டுடும்மா," என்றார். எப்படி இடிப்பேன்?

சுகரா பேகத்தைப் பாய்க்குக் கல்யாணம் செய்து, அவள் வீட்டுக்கே ஊர்வலத்தை—

"ஏம்மா, உன் கதை முடியறதுக்கு என் கல்யாணமா?" என்று துடைப்பத்தோடு வந்துவிட்டாள். "ஒரு புருஷனுக்குச் சமைச்சுப் போட்டது போதும். இருக்கறது ஒரே ரூமு, அது எனக்கே கம்மி."

"கோச்சுக்காதே சுகரா. அந்த மனுஷனைப் பாரு, வேர்த்து மாலையெல்லாம் வாடிப்போச்சு."

அவள் பார்த்தாள். பிறகு வரிசைக்குள் புகுந்து பாயின் காதோரம் போனாள்.

"சாப் இன்னா சொன்னாரு? வூட்டுக்குள்ள வந்து எண்ணிப் பாப்பேன்னா சொன்னாரு? வாசல்னுதானே சொன்னாரு? வூடு உனக்கு இன்னாத்துக்கு பாய், ஒரு வாசல் போதுமே. யாரனா ஒருத்தர் கதவைத் தொறந்து, 'வாங்க, ஏன் இவ்ளோ லேட்டு'ன்னா முடிஞ்சுது வேலை."

சத்தார் பாயின் கண்ணில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது. "முன்னப்பின்ன தெரியாதவனுக்கு யாரு தொறப்பாங்க?"

"அது இந்தக் கதைய எழுதற அம்மாவுக்குத் தெரியணும்," என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் கையைக் காட்டினாள்.

6

எனக்குத் தெரியவில்லை கண்ணுங்களா. அதனால்தான் உங்களைக் கிட்டக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

இதோ, பேண்டுச் சத்தம் கேட்கிறதா? கிளாரினெட்காரருக்கு மூச்சு முட்டி, இப்போது தம்பட்டம் மட்டும்தான். ஊர்வலம் உங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டது. ஹெட்மாஸ்டர் ஷூவைக் கையில் பிடித்திருக்கிறார். பொன்மலர் டீச்சர் அணைத்திருக்கும் கடிகாரம் நடந்த அலைச்சலில் மணி அடித்துக்கொண்டே வருகிறது. முக்தார் சாப்பின் கை கோட்டுப் பைக்குள் இருக்கிறது. சத்தார் பாய் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் வாசலுக்கு நேரே நிற்கிறார். கையை நீட்டுகிறார். "இதான்," என்கிறார்.

கதவைத் திறந்து அவர் தங்கையாக வருவதா, தங்கை பிள்ளையாக வருவதா என்பது உங்கள் வசதி. கிணறு எங்கே என்று யாராவது கேட்டால் பின்கட்டில் என்று சொல்லுங்கள். தண்ணீர் கேட்டால் மட்டும் கொஞ்சம் சர்க்கரை கலந்து கொடுங்கள். திறக்கத் தோன்றவில்லை என்றாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவர் "தப்பு, தப்பு, அந்தாண்ட" என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். ஹெட்மாஸ்டர் காலை மட்டும் ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுகிறார். நான் பேனாவை மூடிவிட்டேன். தாழ்ப்பாள் உங்கள் பக்கம்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். உங்கள் கிணற்றில் கல்கண்டுத் தண்ணீர் ஊறட்டும். நீங்கள் போட்டுக்கொள்ளும் செருப்பு உங்கள் காலைக் கடிக்காமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் சுவரில் ஒரு கடிகாரம் மாட்ட எப்போதும் இடமிருக்கட்டும். ஒருநாள் உங்களுக்கும் மாலை போட்டு அனுப்பிவைப்பார்கள். அன்றைக்கு உள்ளிருந்து ஒரு குரல், "வாங்க, ஏன் இவ்ளோ லேட்டு?" என்று கேட்கட்டும்.