காயாத நீலம்

சிவப்பு காய்ந்துவிட்டது. மஞ்சளும் காய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது. நீலம் மட்டும் பிசினாக விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பொன்மணி விரலை முந்தானையில் துடைக்கப் போய், சட்டென்று நினைவு வந்து, சுவரில் துடைத்தாள். கொச்சி மட்டாஞ்சேரியில் மே மாதத்துக் காற்றில் உப்பே கசிந்து தண்ணீராகிவிடும். இதில் சாயம் எங்கே காய்வது?

அவள் கையில் இருந்தது ஒரு தகர டப்பா. மிட்டாய் இருந்த டப்பா, உள்ளங்கைக்குள் அடங்கும். அதற்குள் மாத்திரை அட்டையிலிருந்து வெட்டிய குழிகளை ஒட்டி, ட்யூபிலிருந்து சாயத்தைப் பிதுக்கி நிரப்பியிருந்தாள். பிரஷ்ஷின் கம்பை ஒடித்துப் பேனா மூடிக்குள் செருகியாயிற்று. தண்ணீருக்குக் கண் சொட்டு மருந்து தீர்ந்த புட்டி. எல்லாம் சேர்ந்து இடுப்பில் செருகினால் வெளியே தெரியக் கூடாது.

கட்டிலில் படுத்திருந்த புருஷன் பாண்டித்துரை இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இடப்பள்ளியில் ஒரு கட்டிட வேலையில் மூட்டை தூக்குகிறவன்.

"ஏட்டி, நான் நாளெல்லாம் சிமெண்டு மூட்டையோட மல்லுக்கட்டிட்டு வாரேன். நீ நெருப்புப்பெட்டி அளவு டப்பாவோட மல்லுக்கட்டுத."

"மூட்டை கனமா இருக்கு, பிடிக்க வாகா இருக்கும். இது கனமே இல்ல. அதான் பிடிபட மாட்டேங்கு."

"லைட்டை அணை."

அந்த ஒற்றை அறையில் லைட்டை அணைத்தால் அவள் வேலை முடிந்தது.

அவள் வேலை செய்வது ஒரு சுக்குக் களத்தில். சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிய இஞ்சியை முற்றத்தில் பரப்பிக் காயவைத்து, முறத்தில் புடைத்து, தரம் பிரிக்க வேண்டும். காலையில் குனிந்தால் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வது. தெருவைப் பார்த்த இரும்புக் கேட் பாதி திறந்தே இருக்கும். அந்தப் பாதியில் சுற்றுலாக்காரர்கள் வந்து நின்று படம் எடுப்பார்கள். உள்ளே வர விடமாட்டார்கள் என்பதால் நின்ற இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பொன்மணி கேட்டுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். முகத்தில் வெயில் அடிக்காத இடம் அது.

பாண்டித்துரையின் தங்கை வசந்தி போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை துடைக்கிறாள். தங்கினவர்கள் விட்டுப்போன சாயக் குழாய்களைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். பொன்மணி மூட்டைக்கு அடையாளம் போடும் பென்சிலால் கண்டதையெல்லாம் வரைகிறவள் என்று வசந்திக்குத் தெரியும். பொன்மணிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தால் கை போகும், அவ்வளவுதான்.

அந்த வசந்தி ஒரு நாள் வந்து சொன்னாள். "மதினி, உன் முதுகை எங்க வராந்தாவுல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க."

"என் முதுகையா?"

"ஆமா. பச்சை ஜாக்கெட்டு, அதுல நீ போட்ட கறுப்பு ஒட்டு. நாந்தான் தூசி துடைக்கேன்."

"மூஞ்சி?"

"மூஞ்சி எதுக்கு அவங்களுக்கு? சுக்கும் முதுகும்தான். வெயில்ல நல்லாத்தான் இருக்க."

பொன்மணிக்கு அதில் கோபம்கூட வரவில்லை. வேறொன்று வந்தது. தான் உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பி, கேட்டில் நின்று எடுக்கிறவர்களைத் தான் வரைய வேண்டும். அவர்கள் நிற்கும் விதம், காலை அகட்டி வைப்பது, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்ப்பது. வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்து பார்த்தாள். கேட் ஏதோ பள்ளிக்கூடத்துக் கேட் மாதிரி வந்தது. ஆட்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி வந்தார்கள். கிழித்துப் போட்டாள். அங்கேயே உட்கார்ந்து, பார்த்துத்தான் போட வேண்டும்.

அதற்கும் நாள் குறைவு. ஜூன் தொடக்கத்து எடவப்பாதி மழை இறங்கிவிட்டால் காயப்போடுவது நின்றுவிடும், பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த பருவத்துக்கு இந்தக் களம் இருக்கும் என்பதே நிச்சயமில்லை. பக்கத்துக் கிடங்கு போன வருஷம் காபிக் கடையாகிவிட்டது.

களத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரோ ஒருத்தி பல்பொடி டப்பாவில் கிடங்கிலிருந்த ஜாதிபத்திரியை அமுக்கிக்கொண்டு போனதிலிருந்து, மூடி போட்ட எதுவும் உள்ளே போகக் கூடாது. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து காட்ட வேண்டும். கைப்பை கேட்டோடு நின்றுவிடும். சட்டம் போட்டவர் மேற்பார்வை பார்க்கும் வெங்கிடராமன். நடத்துகிறவர் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரர் அப்பு. அதனால்தான் இடுப்பு, அதனால்தான் இத்தனை சின்ன டப்பா.

நீலம் காயாமலே மறுநாள் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அப்பு சோற்றைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார், போ என்று தலையாட்டினார். உள்ளே குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்ததில், இடுப்புச் சூட்டுக்கு நீலம் உருகி மூடி வழியாகக் கசிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பேச்சி பார்த்துவிட்டாள்.

"என்னடி இடுப்புல இப்படி கன்னிப்போயிருக்கு? மாப்பிள்ளை கை வச்சிட்டாரா?"

"சாயம்க்கா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாளுவ. நானும் வாசல்படி இடிச்சிட்டுன்னு சொல்லியிருக்கேன்."

"ஐயோ, சாயம்தான். இந்தா, தொட்டுப் பாரு."

பேச்சி தொட்டாள். விரலைப் பார்த்தாள். "அட, ஆமா. இதுக்கு அவரு அடிச்சிருந்தாலும் ரெண்டு நாள்ல போயிருக்கும். இது போகாதே."

டப்பாவைத் திறந்தால் எல்லாக் குழியிலும் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கோடு போட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழுவி, மிச்சம் இருந்ததைப் பிதுக்கி, மறுபடி நிரப்பினாள். இந்தத் தடவை கசியக் கூடாது. ஈரத்தை எது இழுக்கும்? களத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அதில் சந்தேகமே கிடையாது. இஞ்சி பூஞ்சை பிடிக்காமல் காய எதைப் போடுகிறார்களோ அதையேதான் போட வேண்டும். ஒரு சிட்டிகை சுண்ணாம்புத் தூளைக் குழிகளுக்கு அடியிலும் மேலேயும் தூவி மூடி வைத்தாள். நிம்மதியாகத் தூங்கினாள்.

திறந்து பார்த்தபோது நீலம் நன்றாகக் காய்ந்திருந்தது. ஆனால் அது நீலமாக இல்லை. துருப்பிடித்த ஆணியின் நிறத்தில் இருந்தது.

ட்யூபில் ஒரு சொட்டு மிச்சமில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு ஜாபர் சாதிக்கின் கடைக்குப் போனாள். நோட்டு, பேனா, பள்ளிக்கூடச் சாமான் விற்கிறவர். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அவர் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல என்னத்தப் போட்டே?"

"கொஞ்சம் சுண்ணாம்பு, பாய்."

"சுண்ணாம்பா! வெத்தலைக்கா மடிச்சே? ஒரு நீலத்துக்குச் சுண்ணாம்பு ஆகும், இன்னொண்ணுக்கு ஆகாது. உன்னோடது ஆகாத நீலம். மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்குதுல்ல? அதே கதைதான்."

பொன்மணிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்திருக்கிறாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் குபீரென்று சிவப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கண்.

"ஒரு நீலம் மட்டும் குடுங்க பாய்."

"ஒத்தை ட்யூப் கிடையாது. செட்டாத்தான் வரும்."

"ஒண்ணுதான் வேணும்."

"பிரியாணில கறி மட்டும் தனியாக் கேக்கிறவ மாதிரி கேக்குற. செட்டுதான்மா."

அவள் மளிகைக் கடையில் சட்டைக்குப் போடும் சொட்டு நீலம் வாங்கினாள். ஒரு பஞ்சுத் துணுக்கை அதில் ஊறவைத்து, அடுப்புக்கு மேலே காயவைத்து, கெட்டுப்போன நீலத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த குழியில் அமுக்கினாள். ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் நீலம் வந்தது. சட்டைக் கழுத்து மாதிரி வெளிறிய நீலம். வந்தால் போதும்.

இந்த முறை எதுவும் கசியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போக, பொன்மணி தன் இடத்திலேயே கேட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். முழங்காலில் கெட்டித் தாள், பக்கத்தில் திறந்த டப்பா. கேட்டின் துருவை அந்தக் கெட்டுப்போன நிறம் அச்சாகக் கொடுத்தது. அதை நினைத்து அவள் லேசாகச் சிரித்த நேரத்தில்தான் கேட்டில் நின்ற ஒரு பெண் அவளைப் பார்த்துவிட்டாள்.

"லுக், ஷி இஸ் பெயின்டிங்!"

அவ்வளவுதான். தெருவில் போன கூட்டமெல்லாம் கேட்டுக்கு வந்தது. எல்லாப் போனும் அவளை நோக்கித் தூக்கப்பட்டது. அவள் வரைய வேண்டிய ஆட்கள் நின்ற இடம் மாறி, தலைகள் கலந்து, யார் கால் எது என்று தெரியாமல் போயிற்று. நெட்டையாக ஒருவன் கிட்டத்தில் எடுப்பதற்காக அப்புவைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டான். அவன் பின்னால் இன்னும் சிலர். பரப்பியிருந்த சுக்கின் மேல் செருப்புக் கால்கள்.

வெங்கிடராமன் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தார். எல்லாரையும் விரட்டி முடித்ததும் இவள் பக்கம் திரும்பினார்.

"ஏற்றுமதிக்குப் போற சரக்கு. மிதிச்சிட்டுப் போறானுக. யாரால?"

"நான் யாரையும் கூப்பிடலை சார்."

"மூடி போட்ட டப்பா உள்ள வந்ததா, இல்லையா?"

"சாயம் சார். மோந்து பாருங்க."

"எனக்கு எதுக்கு மோப்பம்? இனி இது கேட்டைத் தாண்டினா நீயும் தாண்டி வெளிய போயிரணும்."

டப்பாவைத் தன் மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். மிதிபட்ட சுக்கைப் பொறுக்குகிற வேலையும் பொன்மணிக்கே வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. முறத்தில் ஒவ்வொரு துண்டாக எறிந்தாள்.

பேச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "விடுடி. மழை வரப்போகுது. வீட்டுல கோலம் போடு."

"கோலம் போடத்தான் இத்தனை பாடா?"

குனியும்போதெல்லாம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை முறத்தில் இடித்தது. எரிச்சலோடு அதை முதுகுப் பக்கம் தள்ளினாள். மறுபடி முன்னால் வந்து விழுந்தது. அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறை. மூடி கிடையாது. இது இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்கள்.

வீட்டில் டப்பாவில் போட்டது போக ஒட்டிய சாயம் ட்யூப் வாயிலும் தட்டிலும் கொஞ்சம் இருந்தது. அட்டை அளவுக்கு ஒரு தாள் வெட்டி, அதில் பொட்டுப் பொட்டாகச் சாயத்தை வைத்தாள். நீலத்துக்குச் சொட்டு நீலத்தில் பிசின் கலந்து ஒரு பொட்டு. அந்தத் தாளை அட்டைக்குப் பின்னால் சொருகினாள். வரைய இன்னொரு தாள், அதே அளவில். பிரஷ்ஷைக் கொண்டையில் குத்திக்கொண்டாள். தண்ணீருக்குக் களத்தில் குடிக்கிற டம்ளர் போதும்.

காலையில் அப்பு சோற்றைப் பார்த்தார், அட்டையின் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

மேகம் கவிழ்ந்து கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் இந்த முறை முறத்தை முழங்காலுக்கு முன்னால் சாய்த்து வைத்து, அதன் மறைவில் வரைந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் புடைக்கிறாள் என்றுதான் தோன்றும். கேட்டில் நின்றவர்கள் அப்படி நினைத்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகமாவது தெரியும் என்று காத்திருந்து பார்த்தாள். ஒருவரும் போனை இறக்கவில்லை. சரி போ என்று முகம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் போனையே போட்டாள். கால்கள், வயிறு, தொங்கும் பைகள், மேலே கறுப்புச் சதுரம். ஓரத்தில் ஸ்டூலில் அப்பு, அவருக்கு மட்டும் முகம்.

அப்புவின் நீலச் சட்டைக்கு வந்தபோது நீலப் பொட்டு உறையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் சுரண்டினாள். கொழகொழவென்று மொத்தமாக வந்தது. சட்டையை நிரப்பி முடிப்பதற்குள் முறத்தில் பொத்தென்று ஒரு துளி விழுந்தது. பிறகு களம் முழுவதும்.

"மழை! மழை! தார்ப்பாயை இழு!"

யாரும் யாரையும் பார்க்காத ஓட்டம். பொன்மணி ஈரத் தாளைக் கழுத்தில் தொங்கிய அட்டை உறைக்குள் திணித்துவிட்டு ஓடினாள். சுக்கை வாரி, மூட்டை புரட்டி, தார்ப்பாய் முனையைக் காலால் மிதித்துப் பிடித்து, எல்லாம் முடியும்போது தொப்பலாக நனைந்திருந்தாள். இனி வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்று வெங்கிடராமன் எல்லாரிடமும் பொதுவாகச் சொன்னார். அவளிடம் மட்டும் டப்பாவை நீட்டினார். அதை இப்போது வாங்கி என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே வாங்கினாள்.

கேட்டில் அப்பு வழக்கம்போல அட்டையைப் பிடித்து இழுத்தார். அதில் அவள் முகம் இல்லை. படம் அதை மறைத்திருந்தது.

"எந்தா இது? மூஞ்சி எவிடே?"

பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது ஞானல்லே?"

"நீங்கதான் சேட்டா."

"எனிக்கு இத்ற வயறில்ல."

"உட்கார்ந்தா இருக்கு."

அப்பு தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி படத்தைப் பார்த்தார். "இந்த நீலம் எந்தா எல்லாரோட மேலயும்?"

பொன்மணி வாங்கிப் பார்த்தாள். கேட் நின்றது. போன்கள் நின்றன. அப்புவின் சட்டையிலிருந்து நீலம் கிளம்பி, நின்ற அத்தனை பேர் கால்களுக்குள்ளும் புகுந்து, முழங்கால் வரை வெள்ளம் மாதிரி நிறைந்திருந்தது. விரலை வைத்தாள். ஒட்டிக்கொண்டு வந்தது.

"சனியன்," என்றாள் பொன்மணி. முந்தானைக்குள் அட்டையைப் பொத்திக்கொண்டு மழையில் இறங்கினாள்.